ஒளிகொண்டு பிணி தீர்த்த பின்சன்

கள்ளக்குறிச்சி நகருக்கு மேற்கே நீண்டு கிடப்பது கல்வராயன் மலை. கோமுகி ஆறு அம்மலையில் தோன்றி, அடிவாரத்து அணையில் தேங்கி, வயல்களுக்குப் பாய்கின்றது. மார்கழி, தைத் திங்களில் வெள்ளிமலை முதலிய மலையூர்களில் குளிர் மிகுதி. கதிரவன் மரங்களுக்குமேல் எழுந்தவுடன் முதியோரும் சிறாரும் முற்றத்தில் வந்தமர்ந்து வெயில் காய்வர். நாயும் பூனையும்கூட நிழலை விட்டு வெயிலை நாடிப் படுக்கும். நாள்தோறும் நிகழும் இக்காட்சியை யாரும் பொருட்படுத்துவதில்லை. வெயிலுக்குப் பஞ்சமில்லாத நாட்டில் வெயிலைப்பற்றி ஆராய்வார் யார்? வெயில் அருமையாகக் கிடைக்கும் நாடொன்றில் வாழ்ந்த ஒருவர், வெயில் காயும் பூனையைக் கண்டு அதன் காரணத்தை ஆராயப் புகுந்தார். அவரே நீல்ஸ் பின்சன். கிருமிகளை ஒளியினால் வெல்லும் மருத்துவத்துக்கு வித்திட்டவர் அவர்.

ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே, வட அட்லாண்டிக் கடலில், டென்மார்க்கு நாட்டுக்கு உட்பட்ட பரோயே தீவுகள் உள்ளன. அவற்றின் தலைநகராகிய தோர்சாவனில் பின்சன் 1860 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 15 ஆம் நாள் பிறந்தார். தந்தையார் ஐஸ்லாந்துக் குடியில் வந்தவர், அரசாங்க அலுவலர். தீவுகளோ மரம் அருகிய பாறை நிலம். ஓயாத காற்றும் மேகம் கவிந்த வானமும் உடையவை. பனிக்காலத்தின் நடுவில் பகற்பொழுது அங்கே ஏறத்தாழ ஐந்து மணி நேரமே நீடிக்கும்.

இளமையில் அவர் டென்மார்க்கில் உள்ள விடுதிப் பள்ளியொன்றுக்கு அனுப்பப்பெற்றார். அங்கே அவர் சிறந்து விளங்கவில்லை. பையன் நல்ல மனமுடையவன், ஆயினும் ஆற்றல் குன்றியவன் என்று தலைமையாசிரியர் முடிவு கட்டிவிட்டார். பின்னர் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் நகரப் பள்ளியில் சேர்ந்து, 1882 இல் தேறியபோதும் அவர் வரிசையில் முன்னணியில் இல்லை. தேர்வுத்தாளில் அகப்படாத அறிவும் உண்டென்பதை அவ்விரு பள்ளியாரும் அப்போது அறிந்திலர்.

அதே ஆண்டில் பின்சன் மருத்துவம் பயிலக் கோப்பன்கேகன் நகரை அடைந்தார். அடுத்த ஆண்டிலேயே நோய் அவரைப் பற்றிக்கொண்டது. கல்லீரல், மண்ணீரல், இதயம் ஆகியவற்றைப் போர்த்துள்ள சவ்வுகள் மெல்ல மெல்லத் தடித்து அவ்வுறுப்புகளை நெருக்கின. தீர்க்கும் வழி எதுவும் அக்காலத்தில் இல்லை. ஒவ்வோராண்டும் வலிமை குறைந்துகொண்டே வரும் உடலோடு அவர் படித்து, 1890 இல் மருத்துவரானார். உடற்கூறு கற்பிக்கும் துணையாசிரியப் பதவியில் சிலகாலம் இருந்தார். பின்பு 1893 இல் அப்பதவியையும் துறந்து, ஆராய்ச்சியே தம் வாழ்வெனக் கொண்டார்.

அவர் குடியிருந்த அறை வடக்கு நோக்கியது; வெயில் எட்டிப்பாராதது. சோர்வும் குருதிக் குறைவும் வாட்டிய அவருக்கு, வெயிலில் சிறிது நேரம் நின்றால் உடல் தெளிவதுபோலத் தோன்றியது. ஒருநாள் சாளரத்தின் வழியே பூனையொன்றைக் கண்டார். வெயிலில் படுத்திருந்த அது, நிழல் தன்மேல் படர்ந்ததும் எழுந்து நகர்ந்து மீண்டும் வெயிலில் படுத்தது. நிழல் தொடர்ந்து வர, மறுபடியும் நகர்ந்தது. இப்பூனைக்கு வெயிலில் கிடைக்கும் நன்மை யாது என்ற வினா அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

விடை காண அவர் தேடிய கருவிகள் மிக எளியவை. தம் முன்கையில் கறுப்பு மையினால் ஒரு பட்டை தீட்டி, மூன்று மணி நேரம் கடும் வெயிலில் காட்டினார். மையைக் கழுவியபோது அதனடியில் இருந்த தோல் வெண்மையாகவே இருந்தது. இருபுறமும் சிவந்து வெந்திருந்தது. பின்னர் மையின்றிக் காட்டியபோது, முன்பு வெந்து கருத்த தோல் தாங்கிக்கொள்ள, வெண்மையாயிருந்த பகுதி வெந்தது. வெயிலுக்குத் தோல் கருப்பது உடலின் காப்பு என்பது இதனால் விளங்கிற்று. மண்புழுக்களைப் பல நிறக் கண்ணாடிகளின்கீழ் வைத்தபோது, அவை நீல ஒளியை விட்டு விலகிச் சிவப்பொளியின்கீழ் ஒதுங்கின. வெயிலில் உயிர்களைத் தாக்குவது வெப்பம் அன்று, நீலம், ஊதா, அதற்கும் அப்பாற்பட்ட புறஊதாக் கதிர்களே என்று அவர் கண்டார்.

பெரியம்மை கண்டோரைச் சிவப்பு ஒளி மட்டும் புகும் அறையில் வைத்தால் தழும்பு மிகாது என்று 1893 இல் அவர் எழுதினார். அக்கொள்கை முதலில் புகழ் பெற்றது. பிற்கால ஆராய்ச்சியில் நிலைபெறவில்லை. அவர் பெயரை நிலைநிறுத்தியது வேறொரு நோயாகும்.

காசநோய்க் கிருமி நுரையீரலைப் பற்றுவதுபோலத் தோலையும் பற்றுவதுண்டு. முகத்தில் தோன்றி மூக்கையும் கன்னத்தையும் உதட்டையும் சிறிது சிறிதாக அரித்துவிடும் அந்நோய்க்கு, ஓநாய் என்னும் பொருளுடைய லூப்பஸ் என்ற பெயரை ஐரோப்பியர் இட்டிருந்தனர். நோயாளர் சாவதில்லை, ஆயினும் பிறர் முகத்தில் விழிக்க அஞ்சி வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்தனர். வேலை கொடுப்பாரும் மணம் முடிப்பாரும் அரியர். கத்தியால் சுரண்டுவதும் காரத்தால் சுடுவதுமே மருத்துவமாக இருந்தன. கதிரவன் ஒளி நுண்ணுயிர்களைக் கொல்லும் என்பதை இங்கிலாந்தில் டவுன்ஸ், பிளன்ட் என்னும் இருவர் 1877 இலேயே மெய்ப்பித்திருந்தனர். கண்ணாடிக் குழாயில் கிருமியைக் கொல்லும் ஒளி, உயிருள்ள தோலுக்குள் இருக்கும் கிருமியை ஏன் கொல்லலாகாது என்று பின்சன் எண்ணினார்.

பல ஆண்டுகளாக முகத்தில் அந்நோயோடு வாழ்ந்த பொறியாளர் ஒருவர் கோப்பன்கேகன் மின்விளக்கு நிலையத்தில் பணியாற்றினார். மருத்துவர் பலர் கைவிட்ட அவருக்கு, 1895 நவம்பரில் அந்நிலையத்திலேயே பின்சன் சிகிச்சை தொடங்கினார். கரித்துண்டுகளுக்கிடையே மின்சாரம் பாய்ந்து எரியும் வில்விளக்கின் ஒளியைக் குவித்து, நாள்தோறும் நெடுநேரம் புண்ணின்மேல் பாய்ச்சினார். சில திங்களில் புண் ஆறியது.

இச்சிகிச்சையின் நுட்பம் கருதத்தக்கது. சாதாரணக் கண்ணாடி புறஊதாக் கதிர்களை விழுங்கிவிடுமாதலால், குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லால் வில்லைகள் செய்வித்தார். கோடையில் கதிரவன் ஒளியையே குவித்தபோது, மயில்துத்தம் கலந்த நீல நீர் நிறைந்த வில்லையை அமைத்து வெப்பத்தை வடிகட்டினார். இன்னுமோர் இடையூறு இருந்தது. தோலில் ஓடும் குருதி ஒளியைத் தடுத்தது. காதுமடலின் பின்னே ஒளிப்படத் தாளை வைத்து முன்னிருந்து ஒளியைப் பாய்ச்சினால் தாள் கருக்கவில்லை; மடலை இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே அழுத்திக் குருதியை விலக்கியதும் விரைவில் கருத்தது. இதனை அறிந்தபின், குளிர்நீர் ஓடும் படிக வில்லையைப் புண்ணின்மேல் அழுத்திப் பிடிக்கும்படி செவிலியரைப் பழக்கினார். ஒரு நோயாளிக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரம். ஒருமுறையில் ஆறுவதோ ஒரு சிறு காசளவு இடம். முகம் முழுதும் ஆறத் திங்கள் பலவாகும். அத்துணைப் பொறுமையும் அச்செவிலியரிடத்தில் இருந்தது.

1896 இல் கோப்பன்கேகனில் பின்சன் ஒளி மருத்துவ நிலையம் நிறுவப்பெற்றது. சில ஆண்டுகளுக்குள் நோயாளர் நூற்றுக்கணக்கில் வந்தனர்; பெரும்பாலோர் குணமாகியோ நலம் மிகுந்தோ திரும்பினர். டென்மார்க்கு அரச குலத்தில் பிறந்து இங்கிலாந்தில் மணம்புரிந்த அலெக்சாண்ட்ரா, 1900 இல் இலண்டன் மருத்துவமனைக்குப் பின்சன் விளக்கொன்றை அளிக்கச் செய்தார்.

பிறர் முகங்கள் தெளிந்துவர, பின்சன் உடலோ நலிந்துகொண்டே வந்தது. வயிற்றில் நீர் தேங்கிப் பலமுறை குத்தி எடுக்கவேண்டியதாயிற்று. நடக்கவியலாமல் சக்கர நாற்காலியில் அமர்ந்தே நிலையத்தின் பணிகளை நடத்தினார். தம் நோயையும் அவர் ஆராய்ச்சிப் பொருளாகவே கொண்டார். உண்ணும் உப்பையும் பருகும் நீரையும் நாள்தோறும் நிறுத்தறிந்து, உடலில் உப்புத் தேங்குவதால் நீர் தேங்குவதைக் கண்டு, அதனையே தம் இறுதிக் கட்டுரையாக 1904 இல் வெளியிட்டார். முந்திய ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பெற்றபோது ஸ்டாக்ஹோம் நகருக்குச் செல்ல அவருக்கு இயலவில்லை. பரிசுப் பணத்தின் பெரும்பகுதியை நோயாளர் நலத்துக்கே கொடுத்துவிட்டார். 1904 செப்டம்பர்த் திங்கள் 24 ஆம் நாள் உயிர் நீத்தபோது அவருக்கு வயது 43.

அவருக்குப்பின் நாற்பது ஆண்டுகள் அவ்விளக்குகள் எரிந்தன. பின்னர் ஸ்டிரெப்டோமைசினும், 1952 முதல் ஐசோனியசிடும் வந்தன. காசநோயாளர் மருத்துவமனையில் கிடக்கவேண்டுவதில்லை, வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமாகலாம் என்று, 1956 இல் சென்னையில் அமைந்த காசநோய் மருந்தாய்வு நிலையம் மெய்ப்பித்தது. உலகு முழுதும் பின்பற்றிய உண்மை அது. மாத்திரையால் தீரும் நோய்க்கு ஒருமணி நேர விளக்கு எதற்கு? பின்சன் விளக்குகள் காட்சிச்சாலை புகுந்தன.

கிருமிகள் வாளாவிருக்கவில்லை. அளவு குறைத்தும் பாதியில் நிறுத்தியும் வேண்டாத நோய்க்கெல்லாம் உண்டும் மருந்தைப் பயன்படுத்தியமையால், அதற்கு இறவாத கிருமிகள் எஞ்சிப் பெருகின. அறிஞர்களின் நோக்கு மீண்டும் ஒளியின்பால் திரும்பியது.

பின்சன் ஒளி எவ்வாறு கிருமியைக் கொன்றது என்பது 2005 இல் ஆராயப்பெற்றது. கோப்பன்கேகன் ஆய்வாளர் பழைய விளக்குகளை எடுத்து அளந்தனர். கிருமியை நேரே கொல்லவல்ல குறுகிய புறஊதாக் கதிர்கள் அவற்றிலிருந்து வெளிவரவேயில்லை. பின்சன் கருதிய காரணம் வேறு, உண்மைக் காரணம் வேறு. காசநோய்க் கிருமி தன்னுள்ளே பார்பிரின் என்னும் நிறப்பொருளை ஆக்குகின்றது. ஊதாவும் நீலமும் ஆகிய ஒளியை அது விழுங்கி, அருகிலுள்ள உயிர்வளியைக் கொடிய வேகமுடையதாக மாற்றுகின்றது. அவ்வுயிர்வளியே கிருமியைச் சிதைத்திருக்கவேண்டும் என்பது அவர்கள் முடிவு. சாயமும் ஒளியும் சேர்ந்தால் நுண்ணுயிர் மடியும் என்பதைப் பின்சன் காலத்திலேயே மூனிக் நகரில் ராப் என்னும் மாணாக்கரும் அவர் ஆசிரியர் டாப்பெய்னரும் கண்டு, 1900 இல் வெளியிட்டிருந்தனர். இரு நகரங்களிலும் கண்டது ஒன்றே என்பது புலப்பட நூறாண்டு சென்றது.

இம்முறை இன்று புகுந்துள்ள இடங்களுள் ஒன்று பல்லின் வேர். ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் கொண்டு பல் துலக்கிய கல்வராயன் மலையினர்க்கும், பற்பசை கொண்டு துலக்கும் கள்ளக்குறிச்சி நகரத்தார்க்கும் சொத்தைப்பல் பொதுவே. சொத்தை ஆழ்ந்து பல்லின் உட்கூழை எட்டினால், அக்கூழ் அழுகி வேரின் நுண்ணிய குழாயில் கிருமிகள் குடிபுகும், கன்னம் வீங்கும், இரவில் உறக்கம் கெடும். உட்கூழ் மடிந்த குழாயில் குருதியோட்டம் இல்லை. ஆதலின் விழுங்கிய மாத்திரை அங்கே சென்று சேர்வதில்லை. போதாக்குறைக்கு, என்டெரோகாக்கஸ் என்னும் கிருமி முதலியன குழாய்ச் சுவரில் பசைபோன்ற படலமாய் ஒட்டிக்கொண்டு, கிளைச் சந்துகளில் ஒளிந்து, மருந்துகளை எதிர்த்து வாழ்கின்றன. முன்பு வேர்ச் சிகிச்சை செய்தும் மீண்டும் சீழ் பிடிக்கும் பற்களில் இக்கிருமி அடிக்கடி காணப்படுகின்றது.

பல் மருத்துவர் முதலில் குழாயைக் கருவியால் சுரண்டி, கிருமிக்கொல்லி நீரால் கழுவுவார். பிறகு மெத்திலீன் நீலம் போன்ற சாயத்தைக் குழாயில் நிரப்பிச் சில நிமிடம் விடுவார். கிருமிகள் சாயத்தை ஏற்கும். அதன்பின் மயிரிழைபோன்ற ஒளியிழை ஒன்றை உள்ளே செலுத்திச் சிவப்பொளியைப் பாய்ச்சுவார். நஞ்சாக மாறும் உயிர்வளி, கிருமியின் புறத்தோல், புரதம், மரபுப்பொருள் ஆகிய பலவற்றை ஒருங்கே தாக்குமாதலால், மருந்தை வென்றதுபோல இதனை வெல்லக் கிருமிக்கு எளிதில் இயலாது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். சென்னைப் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இவ்வாராய்ச்சி நடைபெறுகின்றது.

குறைகளும் இல்லாமல் இல்லை. வளைந்த குழாயின் கோடியில் ஒளி மங்கும். ஆழத்தில் உயிர்வளி அருகும். சாயத்தின் அளவும் ஒளியின் நேரமும் எவ்வளவு என்பதில் மருத்துவரிடையே ஒருமித்த முடிவு இன்னும் ஏற்படவில்லை. சுரண்டிக் கழுவும் பணியை ஒளியால் தவிர்க்க முடியாது. கழுவியபின் எஞ்சும் கிருமிகளைக் குறைப்பதற்கே அது துணையாக நிற்கின்றது. குருதி குறுக்கிடாமல் இருக்கப் பின்சனின் செவிலியர் படிக வில்லையை ஒரு மணி நேரம் அழுத்திப் பிடித்தனர். குருதியே இல்லாத இக்குழாயில் அப்பாடு இல்லை. சில நிமிடங்களில் ஒளியிழை வெளியே எடுக்கப்படுகின்றது.