மூன்று நாடுகளின் அணித்தலைவர்: சதாசிவத்தை எதைக் கொண்டு நினைவுகூர்வது?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விடுமுறை நாள்களில் ஒழுங்கைகளை மைதானமாக்கி விளையாடும் சிறுவர்களிடம் தமிழ்த் துடுப்பாட்ட வீரர் ஒருவரின் பெயரைக் கேட்டால், முத்தையா முரளிதரன் என்ற பதில் உடனே வரும். மகாதேவன் சதாசிவம் என்று சொன்னால் அவர்கள் விழிப்பார்கள். அவர்களுடைய பாட்டனாரிடம் கேட்டால் பெயர் தெரியும். ஆனால் அவர் முதலில் நினைவுகூர்வது ஒரு கொலை வழக்கையாகத்தான் இருக்கும். துடுப்பாட்டம் அதன் பின்னரே வரும். ஒரு மனிதரின் வாழ்வை நாம் எவ்வாறு நினைவில் வைக்கிறோம் என்பதற்கு இது தக்க உதாரணம்.

சதாசிவம் 1915ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆம் திகதி கொழும்பில் பிறந்தவர். பொரளையிலுள்ள வெஸ்லி கல்லூரியில் பயின்றார். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பறங்கியரும் ஒரே வகுப்பில் அமர்ந்து, ஒரே அணியில் ஆடி வளர்ந்த கல்லூரி அது. பிற்காலத்தில் இலங்கை அணியின் சுழற்பந்து வீச்சாளராக விளங்கிய அபு புவாட்டும் அங்கிருந்து வந்தவரே.

கல்லூரியை விட்டு வெளியேறிய சதாசிவத்தின் ஆட்டத்துக்குக் களமாக அமைந்தது தமிழ் யூனியன் கழகம். 1899இல் தொடங்கப்பெற்ற இக்கழகம், பாக்கியசோதி சரவணமுத்துவின் பெருமுயற்சியால் 1940இல் கொழும்பு ஓவல் என்ற தனக்கென ஒரு மைதானத்தைப் பெற்றது. சதுப்பு நிலத்தை மேடாக்கி அமைக்கப்பட்ட அந்த மைதானம் இன்று சரவணமுத்துவின் பெயரையே தாங்கி நிற்கின்றது. அன்று இலங்கையின் முக்கியமான ஆட்டங்கள் அங்கேயே நடைபெற்றன. சதாசிவம் ஆடுகிறார் என்றால், அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்பெடுத்துக்கொண்டு மைதானத்துக்குச் சென்றவர்களின் கதைகளை முதியோர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அவருடைய ஆட்டம் பலத்தை நம்பியதன்று. நேரக் கணிப்பை நம்பியது. பந்து தன்னைக் கடந்து செல்லும் தறுவாயில், இறுதிக் கணத்தில் துடுப்பைத் தொட்டு எல்லைக்கோட்டுக்கு அனுப்பும் லேட் கட் அடியில் அவருக்கு நிகரானவர் இந்நாட்டில் இருக்கவில்லை என்பது கண்டவர்களின் ஒருமித்த கருத்து. பயிற்சியில் அவருக்கு நாட்டம் இல்லை. இரவு முழுவதும் விருந்தில் கழித்துவிட்டு மறுநாள் காலை நேரே மைதானத்துக்கு வந்து ஓட்டங்களைக் குவித்தார் என்ற கதைகளுக்கும் பஞ்சமில்லை. அவற்றில் எவ்வளவு மெய், எவ்வளவு புனைவு என்பது வேறு விடயம்.

ஆனால் கதையில் அடங்காத கணக்குகளும் உண்டு. 1947இல் சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக அவர் 215 ஓட்டங்கள் பெற்றார். 1950இல் பிராங்க் வொரெல் போன்ற உலகத்தரம் வாய்ந்த வீரர்களைக் கொண்டிருந்த பொதுநலவாய அணிக்கு எதிராகக் கொழும்பு ஓவலில் அவர் பெற்ற 96 ஓட்டங்கள், சதத்துக்கு நான்கு குறைந்தபோதிலும், அவருடைய மிகச் சிறந்த ஆட்டமாகப் பலராலும் போற்றப்படுகின்றன. தாம் கண்ட துடுப்பாட்ட வீரர்களின் முன்வரிசையில் வொரெல் இவரை வைத்துப் பேசினார் என்பது துடுப்பாட்ட வட்டாரங்களில் இன்றுவரை வழங்கிவரும் செய்தி.

1948 மார்ச் 27ஆம் திகதி கொழும்பு கண்ட நாள் தனியே குறிப்பிடத்தக்கது. அக்காலத்தில் இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே பயணம் செய்த அணிகள், கப்பல் கொழும்புத் துறைமுகத்தில் தரித்து நிற்கும் வேளையில் இறங்கி ஒருநாள் ஆட்டம் ஆடிச் செல்வது வழக்கம். டொன் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி அன்று அவ்வாறு வந்திறங்கியது. அந்தச் சுற்றுப்பயணத்தில் இங்கிலாந்து மண்ணில் ஓர் ஆட்டத்திலும் தோல்வி காணாத அணி அது. நாடு சுதந்திரம் பெற்று இரண்டு மாதங்கள்கூட நிறைவுறாத நேரத்தில், அந்த அணியை எதிர்கொண்ட இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் சதாசிவம். ஆடுகளம் 22 யார் நீளத்துக்குப் பதிலாக 20 யாரே இருந்ததை அவுஸ்திரேலியர் கண்டுபிடித்த வேடிக்கையும் அன்று நிகழ்ந்தது.

மூன்று ஆண்டுகளின் பின் எல்லாம் மாறியது. 1951 ஒக்டோபர் 9ஆம் திகதி, பம்பலப்பிட்டி சென் அல்பன்ஸ் பிளேசிலிருந்த வீட்டில் அவருடைய மனைவி பரிபூரணம் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடந்தார். நான்கு பெண் குழந்தைகளின் தாய் அவர். கணவரிடமிருந்து விவாகரத்துக் கோரி அவர் தொடுத்த வழக்கு அப்போது நிலுவையில் இருந்தது. சந்தேகம் கணவர்மீது விழுந்தது. சதாசிவம் கைதாகி, ஏறக்குறைய 20 மாதங்கள் விளக்கமறியலில் இருந்தார். வீட்டுப் பணியாளரான வில்லியம் நிபந்தனையுடன் கூடிய மன்னிப்புப் பெற்று அரச தரப்புச் சாட்சியானார்.

1953இல் நீதிபதி கிரேஷியன் முன்னிலையில் 57 நாள்கள் நடந்த விசாரணையை நாடே மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. எதிரிக்காகத் தோன்றியவர் கொல்வின் ஆர். டி சில்வா. மரணம் நிகழ்ந்த நேரம் எது என்பதே வழக்கின் மையம். காலை பத்தரை மணியளவில் சதாசிவம் வாடகைக் காரில் வீட்டை விட்டுப் புறப்பட்டிருந்தார். மரணம் அதற்கு முன் நிகழ்ந்ததா, பின் நிகழ்ந்ததா? பேராசிரியர் ஜி. எஸ். டபிள்யூ. டி சேரமும், எடின்பரோவிலிருந்து வரவழைக்கப்பட்ட சட்ட மருத்துவ அறிஞர் சேர் சிட்னி ஸ்மித்தும் அளித்த சாட்சியங்கள் எதிரிக்குச் சாதகமாக அமைந்தன. 1953 ஜூன் 25ஆம் திகதி ஜூரிமார் ஏகமனதாக அவரைக் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளித்தனர்.

தீர்ப்பு அவருக்குச் சுதந்திரத்தை மீட்டுத் தந்தது. ஊரின் வாயை அடைக்கவில்லை. அவர் கடல் கடந்தார். முதலில் சிங்கப்பூருக்கும் பின்னர் மலாயாவுக்கும் அணித்தலைவரானார். மூன்று நாடுகளின் அணிகளுக்குத் தலைமை தாங்கிய அரிய பெருமை அவருக்கு வாய்த்தது இவ்வாறுதான். சாதனைப் பட்டியலில் அது பெருமை. வாழ்வுக் கணக்கில் அதற்குள் ஒரு புலம்பெயர்வும் அடங்கியிருக்கிறது. பின்னர் கொழும்பு திரும்பிய அவர் 1977 ஜூலை 9ஆம் திகதி காலமானார்.

இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது 1981இல். அதன் முதலாவது டெஸ்ட் ஆட்டம் 1982 பெப்ரவரியில் நடைபெற்றது. நடைபெற்ற இடமோ சதாசிவம் ஆடி வளர்ந்த அதே ஓவல் மைதானம். அதைக் காண அவர் இருக்கவில்லை. 11 முதல்தர ஆட்டங்கள், 753 ஓட்டங்கள் என்பவையே ஏடுகளில் அவருக்கு எஞ்சியவை. மறுபுறம், வழக்கு நடவடிக்கைகளோ நாள்தோறும் பத்திரிகைகளில் அச்சேறின. பிற்காலத்தில் நூல்களாகவும் வந்தன. எழுதப்பட்டது நிலைத்தது, எழுதப்படாதது கரைந்தது.

இங்கே இரண்டு கடன்கள் நமக்கு உள்ளன. முதலாவது, நீதிமன்றம் விடுவித்த ஒருவரை வதந்தியின் சிறையில் மீண்டும் அடைக்காதிருப்பது. இரண்டாவது, அவருடைய ஆட்டத்தின் மீதுள்ள மயக்கத்தில் பரிபூரணத்தை மறவாதிருப்பது. அந்தக் கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. வழக்கே கணவரின் பெயரால் அழைக்கப்படுவதால், உயிரை இழந்தவரின் பெயர் மேலும் மறைந்துபோயிற்று. மேதைமை எவருக்கும் ஒழுக்கச் சான்றிதழ் ஆகாது. வாழ்வின் குறைகள் ஒருவருடைய மேதைமையை இல்லையென்று ஆக்கிவிடவும் மாட்டா.

இது சதாசிவம் ஒருவருடன் முடியும் விடயமன்று. 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்று வந்த எம். ஜே. எம். லாபீரை இன்றைய முஸ்லிம் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவர்? சிறுபான்மைச் சமூகங்கள் தமது வீரர்களைச் செவிவழிக் கதைகளின் பொறுப்பில் விட்டுவிடுகின்றன. கதை சொல்பவர் மறைந்ததும் வீரரும் மறைந்துவிடுகிறார். ஓவலில் சதாசிவத்தின் ஆட்டத்தைக் கண்ட தலைமுறையில் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. அவர்கள் அருகில் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, கேட்டதைத் திகதியோடும் கணக்கோடும் எழுதி வைப்பது நம் வீடுகளிலேயே செய்யக்கூடிய பணி. அதைச் செய்யாவிட்டால் நம் பேரப்பிள்ளைகளுக்கு எஞ்சப்போவது வழக்கு மட்டுமே.