லயத்துக்காகப் பேசிய மாளிகைப் பிள்ளை

பெக்கோக்கில் என் பாட்டி பால் மரம் சீவிய தோட்டத்தில் இரண்டு உலகங்கள் இருந்தனவாம். ஒரு பக்கம் லயம், இன்னொரு பக்கம் கிராணி வீடு. அந்தக் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். அவரும் தமிழர்தான். ஆனாலும் அவர் வீட்டு வாசலைக் கடக்கும்போது பாட்டி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாராம்.

இதைக் கேட்டு வளர்ந்ததாலோ என்னவோ, படித்த பெரிய குடும்பத்துத் தலைவர்கள்மீது எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இருந்ததில்லை. பல்கலைக்கழகத்தில் ரோமாபுரியின் வரலாறு படித்தபோது அந்த எண்ணம் கொஞ்சம் அசைந்தது. அங்கே சில குடும்பங்கள் ஆட்சிப் பதவிகளைத் தலைமுறை தலைமுறையாகத் தம் கையிலேயே வைத்திருந்தன. அப்படியொரு குடும்பத்தில் பிறந்த திபேரியஸ் கிராக்கஸ், நிலமில்லாத ஏழைகளுக்கு நிலம் பிரித்துக் கொடுக்க முயன்று, கி.மு. 133-இல் அடித்துக் கொல்லப்பட்டார். தமிழர்களில் இப்படி ஒருவர் உண்டா என்று தேடினேன். கிடைத்தவர் ஓர் இலங்கைத் தமிழர். அவர் சர் பொன்னம்பலம் அருணாசலம்.

அருணாசலத்தின் குடும்பம் சாதாரணமானதன்று. பருத்தித்துறைப் பக்கமிருந்து கொழும்புக்கு வந்த தாத்தா குமாரசாமி முதலியார், 1830-களிலேயே இலங்கைச் சட்டமன்றத்தில் தமிழர் சார்பில் அமர்ந்தவர். பின்னர் அந்த இருக்கைக்குத் தாய்மாமன் சர் முத்து குமாரசாமி வந்தார். அவருக்குப் பின் மருமகன் இராமநாதன், அடுத்து இராமநாதனின் அண்ணன் குமாரசாமி. அக்காலத்தில் தேர்தல் இல்லை. ஆளுநர் நியமிப்பவர்தான் உறுப்பினர். உலகப் புகழ் பெற்ற கலை அறிஞர் ஆனந்த குமாரசாமியும் இதே குடும்பம்தான். அவர் முத்து குமாரசாமியின் மகன்.

மூன்று சகோதரர்களில் இளையவரான அருணாசலம் 1853-இல் பிறந்தார். உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்று படித்தார். 1875-இல் போட்டித் தேர்வு எழுதி இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்தார். அப்படித் தேர்வெழுதி நுழைந்த முதல் இலங்கையர் அவர்தான். பதிவாளர் நாயகமாக இருந்து, குளறுபடியாகக் கிடந்த காணிப் பதிவுகளை ஒழுங்குபடுத்தினார். 1901-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தினார். 1913-இல் ஓய்வு பெற்றார்.

வயது அறுபது. பெயர், பணம், பட்டம் எல்லாம் இருந்தன. வீட்டில் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் என்னை ஈர்த்த அருணாசலம் அதன் பிறகுதான் வருகிறார்.

1915-இல் சமூகச் சேவைக் கழகம் ஒன்றைத் தொடங்கிக் கொழும்பின் ஏழைகளைக் கவனித்தார். 1919-இல் தொழிலாளர் நல அமைப்பு ஒன்றை உருவாக்கினார். அதன் முக்கியக் குறி, தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களின் நிலைமை. அவர்களும் நம் முன்னோரைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து கங்காணி வழியாகக் கப்பலேறியவர்கள்தாம். வழிச் செலவு கடனாகத் தலையில் விழும். அந்தக் கடனோடு சேர்ந்து வந்ததுதான் 'துண்டு' முறை. இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். கங்காணி அதை இன்னொரு தோட்டத்துக்கு எடுத்துப் போவார். அங்குள்ள துரை பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். ஆள் மாறுவார், தோட்டம் மாறும், கடன் மட்டும் மாறாது. சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் சிறைத் தண்டனையும் உண்டு.

அருணாசலம் இந்தச் சட்டங்களை எதிர்த்துத் தொடர்ந்து வாதாடினார். 1921-இல் வந்த சட்டம் துண்டு முறைக்கு முடிவு கட்டியது. அது அவர் ஒருவரின் சாதனை என்று சொல்ல முடியாது. ஆனால், தம் வாழ்நாளில் லயத்தில் ஓர் இரவுகூடத் தங்க வேண்டிய அவசியமில்லாத ஒருவர் அதற்காகக் குரல் கொடுத்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப்பட்டது.

அதே வீட்டுப் பிள்ளையான சர் இராமநாதனும் சிறியவர் அல்லர். 1915 கலவரத்தின்போது சிறைப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக, உலகப் போர் நடந்த காலத்திலும் கடல் கடந்து இங்கிலாந்து சென்று வாதாடினார். திரும்பி வந்தபோது மக்களே அவருடைய வண்டியை இழுத்துச் சென்றனர். யாழ்ப்பாணத்தில் பெண்களுக்குக் கல்லூரி கட்டினார். ஆனால் எல்லாருக்கும் வாக்குரிமை என்ற பேச்சு வந்தபோது அதைக் கடுமையாக எதிர்த்தார். 1930-இல் அவர் காலமானார். மறு ஆண்டே இலங்கையில் ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. ஒரே தாய், ஒரே வீடு, ஒரே மாதிரியான படிப்பு. ஆனாலும் எளியவர்களை இருவரும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை.

அருணாசலத்தின் கடைசிக் காலம் இனிமையாக இல்லை. 1919-இல் தோன்றிய இலங்கைத் தேசிய காங்கிரஸுக்கு அவர்தான் முதல் தலைவர். சிங்களரும் தமிழரும் சேர்ந்து நிற்கவேண்டும் என்று நம்பினார். மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் இடம் தருவதாகச் சொன்ன வாக்கு காப்பாற்றப்படாததால் மனம் கசந்து 1921-இல் வெளியேறினார். பிறகு தமிழருக்கென்று தனிச் சங்கம் அமைத்தார். ஒற்றுமைக்காக உழைத்தவர் அப்படிப் பிரிந்து போனதைப் படிக்கும்போது வருத்தமாக இருந்தது. 1924 ஜனவரியில், தல யாத்திரை போன இடத்தில், மதுரையில் உயிர் துறந்தார்.

அவர் விட்டுச் சென்ற இன்னொன்று மாணவர்களான நமக்கு நெருக்கமானது. இலங்கைக்குச் சொந்தமாக ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906-இலேயே சங்கம் அமைத்துப் போராடினார். 1921-இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. இன்றும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் விடுதி அருணாசலம் பெயரிலும், இன்னொன்று இராமநாதன் பெயரிலும் இருக்கின்றன.

விடுமுறையில் பெக்கோக் போனபோது இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். அப்படி ஒருவர் நம் தோட்டத்துக்கும் வந்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, வெற்றிலையை மடிக்கத் தொடங்கிவிட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

லயத்துப் பேரப்பிள்ளைகளான நாம் இன்று பல்கலைக்கழகங்களில் படிக்கிறோம். நாளை வழக்கறிஞராக, ஆசிரியராக, அதிகாரியாக நாமும் ஒரு மேசைக்குப் பின்னால் உட்காரப் போகிறோம். நம் வாசலில் யாராவது செருப்பைக் கழற்றக் குனிந்தால், எழுந்து போய்த் தடுக்கிறோமா, பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுகிறோமா என்பது நம் கையில்தான் இருக்கிறது.