வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன்

அமெரிக்கக் குடியரசின் தலைமைப் பதவிக்கு மும்முறை போட்டியிட்டு, மும்முறையும் தோல்வியுற்றும், பொதுமக்களின் அன்பை இழவாது வாழ்ந்தவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். அவருடைய நாவன்மையைப் பலர் அறிவர். அவர் ஓர் உயர்ந்த பதவியைத் தாமாகவே துறந்த வரலாற்றை அறிந்தோர் சிலரே. பிறர் போர் செய்யுங்கால் நடுநிலைமை வகிக்கும் நாடு யாது செய்தல் தகும் என்னும் கேள்வியே அத்துறவுக்குக் காரணமாயிற்று. ஆதலின் அப்பகுதியை ஈண்டுச் சற்று விரித்துக் கூறுவாம்.

பிரையன் 1860-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 19-ஆம் நாள் இல்லினாய் மாகாணத்துச் சேலம் என்னும் ஊரிற் பிறந்தார். பெயர் ஒன்றாயினும் அது நம் நாட்டுச் சேலம் அன்று. தந்தையார் ஒரு நீதிபதி. தெய்வ பக்தி மிக்கவர். பிரையன் 1881-இல் இல்லினாய் கல்லூரியிற் பட்டம் பெற்றுப் பின்னர்ச் சிகாகோவிற் சட்டம் பயின்றார். 1884-இல் அவர் மணந்த மேரி பேர்டு அம்மையாரும் சட்டம் கற்று வழக்கறிஞராகும் தகுதி பெற்றவர். 1887-இல் நெபிராஸ்கா மாகாணத்து லிங்கன் நகரிற் குடியேறினார். 1890-இல் அமெரிக்கச் சட்டசபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். அந்நாளிற் கடன் சுமையால் வருந்திய குடியானவர்களுக்காக அவர் 1896-இல் சிகாகோ மகாநாட்டில் நிகழ்த்திய பிரசங்கம் கேட்டோரைப் பரவசப்படுத்தியது. முப்பத்தாறே வயதினரான அவரை ஜனநாயகக் கட்சியார் குடியரசுத் தலைமைக்கு அபேட்சகராக நிறுத்தினர். அவ்வாண்டிலும், 1900, 1908 ஆகிய ஆண்டுகளிலும் அவர் தோல்வியுற்றார்.

தோல்வி அவரை முடக்கிவிடவில்லை. 1903-இல் ருஷியாவிற்குச் சென்று டால்ஸ்டாயைக் கண்டு அளவளாவினார். 1906-இல் இந்தியாவிற்கும் வந்தார். ஈண்டுக் கண்ட ஆங்கில ஆட்சியின் குறைகளை அஞ்சாது எழுதினார். 1913-இல் குடியரசுத் தலைவரான உட்ரோ வில்சன் அவரை வெளிநாட்டு மந்திரியாக நியமித்தார். இரு நாடுகளுக்குள் பிணக்கு நேரின் ஒரு நடுவர் குழு அதனை ஆராய்தல் வேண்டும். அக்குழு ஓராண்டுக்குள் தன் முடிவைக் கூறும்வரை எவரும் போர் தொடங்கலாகாது. இக்கருத்தைக் கொண்டு முப்பது நாடுகளோடு அவர் உடன்படிக்கை செய்தார். பழைய வாட்களை உருக்கிச் சிறு கலப்பை வடிவமாகச் செய்வித்து அயல்நாட்டுத் தூதர்களுக்கு நினைவுப் பரிசாக அளித்தார். ஜெர்மனி அத்தகைய உடன்படிக்கையிற் கையொப்பமிடாதிருந்தது.

இங்ஙனம் இருக்கையில் 1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஐரோப்பாவில் பெரும்போர் மூண்டது. அமெரிக்கா தான் நடுநிலைமை வகிப்பதாக அறிவித்தது. பிரான்சுக்குக் கடன் அளிக்கலாமா என்று மார்கன் என்னும் செல்வர் நிலையத்தார் வினவினர். ஆகாதென்றார் பிரையன். பணம் பிற பொருள்கள் அனைத்தையும் வாங்க வல்லது. ஆதலின் தடுக்கத் தக்க பொருள்களுள் அதுவே மிகக் கொடியது என்பது அவர் வாதம். அன்றியும், அயல்நாட்டுப் படையிற் சேரும் குடிமகன் தன் நாட்டின் பாதுகாப்பை இழக்கின்றான்; மனிதனுக்கு இல்லாத சலுகை அவன் பணத்திற்கு எதற்கு என்றும் அவர் கருதினார். எனினும் அவ்வாண்டு அக்டோபரிலேயே, கடன் வேறு, வியாபாரத்திற்காகத் தவணை தருதல் வேறு என்னும் நுட்பம் புகுந்து அத்தடையைத் தளர்த்திவிட்டது. பிரையனும் அதனைத் தடுத்து நிறுத்தவில்லை.

அடுத்து எழுந்தது போர்க்கருவி விற்பனை பற்றிய விவாதம். கடல் இங்கிலாந்தின் வசமிருந்தமையால் அமெரிக்கத் தோட்டாக்கள் ஒரு பக்கத்தாருக்கே சென்று சேர்ந்தன. இது நடுநிலைமையாகுமோ என்று ஜெர்மானிய வமிசத்து அமெரிக்கரும், சமாதானப் பிரியர் பலரும் கேட்டனர். பிரையனுடைய நெபிராஸ்காவின் பிரதிநிதியாகிய ஹிச்காக் என்பவரே அவ்விற்பனையைத் தடுக்க 1914 டிசம்பரில் ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். மந்திரியாகிய பிரையன் 1915 ஜனவரியில் விடை பகர்ந்தார். தனி வியாபாரிகள் ஆயுதம் விற்பதைத் தடுக்கும் கடமை சர்வதேசச் சட்டத்தில் இல்லை. கடலில் ஒரு பக்கத்தாருக்குள்ள வலிமையைச் சமன் செய்யப் போர் நடுவே விதியை மாற்றுவது மற்றொரு பக்கத்தாருக்குத் துணை போவதேயாகும் என்பது அவ்விடையின் சாரம். வாதம் வலியதே. எனினும், பணத்தைத் தடுத்தவர் பீரங்கியைத் தடுக்கவில்லையே என்னும் குறை அதனின்று நீங்கவில்லை.

1915 மே 7-ஆம் நாள் லூசிட்டானியா என்னும் ஆங்கிலப் பயணிக் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி மூழ்கடித்தது. ஏறக்குறைய 1,200 பேர் மாண்டனர். அவருள் 128 பேர் அமெரிக்கர். அக்கப்பலில் சுமார் 42 லட்சம் துப்பாக்கித் தோட்டாக்களும் இருந்தன. ஜெர்மனியின் செயலைப் பிரையன் நியாயமென்று கூறவில்லை. வெடிப்பொருள் ஏற்றிய கப்பலிற் குடிமக்கள் செல்லலாகாதென எச்சரித்தல் வேண்டும்; ஜெர்மனியைக் கண்டிப்பதுபோல, நடுநிலை வியாபாரத்திற்கு இடையூறு செய்யும் இங்கிலாந்தையும் கண்டித்தல் வேண்டும்; பிணக்கை நடுவர் ஆராய்ச்சிக்கு விடுதல் வேண்டும் என்று அவர் மன்றாடினார். வில்சன் இணங்கவில்லை. முதற் கடிதத்திற் கையொப்பமிட்ட பிரையன், இரண்டாவது கடிதம் நாட்டைப் போருக்கு இழுக்கும் என்று அஞ்சி, ஜூன் மாதத்தில் ராஜினாமாச் செய்தார். பத்திரிகைகள் பல அவரை ஓடிப்போனவர் என்று பழித்தன.

அவர் அஞ்சியவாறு போர் உடனே வரவில்லை. ஆயினும் அதே ஆண்டில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் 50 கோடி டாலர் கடன் அமெரிக்காவில் திரட்டப்பட்டது. 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியபொழுது, ஜனங்களின் சபை முடிவு செய்தபின் குடிமகன் கீழ்ப்படிதலே முறையென்று கருதிப் பிரையன், ஐம்பத்தேழாம் வயதில், தம்மைச் சாதாரணச் சிப்பாயாக ஏற்குமாறு வில்சனுக்குத் தந்தி அனுப்பினார். 1925-இல் டேட்டன் நகரில் பரிணாமக் கொள்கையைப் போதித்தது பற்றி நடந்த வழக்கில் அக்கொள்கையை எதிர்த்து வாதாடி ஏளனத்துக்குள்ளானார். வழக்கு முடிந்த ஐந்தாம் நாள், ஜூலை 26-இல், காலமானார்.

அவர் மறைந்து பத்தாண்டு கழியுமுன் அதே விவாதம் மீண்டும் எழுந்தது. 1935 முதல் 1937 வரை இயற்றப்பட்ட நடுநிலைமைச் சட்டங்கள், போரிடும் நாடுகளுக்குக் கடன் தருவதையும், அந்நாடுகளின் கப்பலிற் குடிமக்கள் செல்வதையும் தடுத்தன. இவ்விரண்டும் பிரையன் கேட்டவையே. அவர் மறுத்த ஆயுதத் தடையும் அவற்றுட் சேர்ந்தது. 1939-இல் ஹிட்லர் போர் தொடங்கியபின், ஆயுதத் தடை கடல் வலிமையுடையோர்க்குத் தீங்காய் ஆக்கிரமிப்பவனுக்கு உதவுகின்றதென்று ரூஸ்வெல்ட் எடுத்துரைக்க, நீண்ட விவாதத்தின்பின் நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. 1915-இல் பிரையன் எழுதிய விடையின் நிழல் அதிலும் விழுந்ததைக் காண்கிறோம்.

விற்றாலும் ஒருவன் பக்கம் தாழும். விற்க மறுத்தாலும் மற்றொருவன் பக்கம் தாழும். போர்க் காலத்தில் நடுநிலைமையின் துலாக்கோலைப் பிடிப்போர் யாவருக்கும் உள்ள இடர் இதுவே. பிரையன் இவ்விடரைத் தீர்த்துவிடவில்லை. அவர் வாதங்கள் ஒன்றோடொன்று முற்றும் பொருந்தவுமில்லை. ஆயினும் தம் மனச்சாட்சி ஒப்பாத தாளிற் கையொப்பமிடுவதினும் பதவியை விடுவதே மேலெனத் துணிந்தார். விவாத மேடைகளிற் பழகும் மாணவர், அவர் கூறிய முடிவை ஏற்பினும் மறுப்பினும், தாம் பேசும் சொல்லுக்கு விலை கொடுக்க முன்வந்த அத்துணிவை மறவாதிருப்பாராக.