நந்தனார் மடத்துச் சாமியார் ஏன் மதம் மாறவில்லை?

ஊரில் நம்மவர் குடும்பம் ஒன்று வேறு மதத்துக்குப் போய்விட்டால், டீக்கடையில் முதலில் கிளம்பும் கேள்வி ஒன்றுதான். என்ன கொடுத்தார்கள் என்று கேட்பார்கள். அரிசியா, பணமா, பிள்ளைக்குப் பள்ளியில் இடமா என்று பேச்சு நீளும். மாறாமல் இருக்கிற குடும்பத்தையும் விடுவதில்லை. இவ்வளவு அவமானப்பட்டும் ஏன் இன்னும் அங்கேயே கிடக்கிறீர்கள் என்று நம் படித்த பிள்ளைகளே கேட்கிறார்கள். இரண்டு கேள்வியிலும் ஒரே குறைதான். ஏழை மனிதனுக்கும் சொந்தமாக ஒரு மனசு இருக்கிறது, அவனும் யோசித்துத்தான் முடிவெடுக்கிறான் என்பதை இரண்டுமே ஏற்றுக்கொள்வதில்லை.

மதம் மாறுவது நம் வட்டாரத்துக்குப் புதிதும் இல்லை. பண்ருட்டிக்குப் பக்கத்துத் திருவாமூரில் வேளாளர் குடியில் பிறந்த மருள்நீக்கியார், சமணத்தில் சேர்ந்து தருமசேனர் என்று பெயர் பெற்றார். பிறகு சூலை நோய் வந்து துடித்தபோது, திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியாரிடம் வந்து சைவத்துக்குத் திரும்பினார் என்கிறது பெரிய புராணம். அவரைத்தான் அப்பர் என்று ஊர் கும்பிடுகிறது. போனதற்கு என்ன வாங்கினார், வந்ததற்கு என்ன வாங்கினார் என்று யாரும் கேட்டதில்லை. அதை உண்மையைத் தேடிய பயணம் என்கிறோம். சேரியில் பிறந்தவன் அதே பயணத்தைப் போனால் மட்டும் அரிசிக்காகப் போனான் என்கிறோம்.

இந்தப் பேச்சுக்குப் பதிலாக நம் மாவட்டத்தில் வாழ்ந்து மறைந்த ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்லலாம். அவர் சுவாமி சகஜானந்தர். மதம் மாறினால் எல்லாம் கிடைக்கும் என்ற நிலையில் மாறாமல் நின்றவர். ஆனால், மாறாதவர் என்பதற்காக அவரை யாரும் தங்கள் கொடிக்கம்பமாக நட்டுக்கொள்ளவும் முடியாது. ஏன் என்பதைப் பார்ப்போம்.

திண்டிவனத்தில் ஒரு மாணவன்

ஆரணிக்குப் பக்கத்தில் மேல்புதுப்பாக்கம் என்ற ஊரில் 1890 ஜனவரி 27 அன்று அவர் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் முனுசாமி. அப்பா அண்ணாமலை, அம்மா அலமேலு. ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாத காலம் அது. திண்ணைப் பள்ளிக்கூடத்தின் திண்ணையில்கூட நம் பிள்ளைகளுக்கு இடம் கிடையாது. அப்போது நமக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தவை பெரும்பாலும் கிறித்தவ மிஷன் பள்ளிகள்தான். இதை மறந்துவிட்டு அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

முனுசாமி திண்டிவனத்தில் இருந்த அமெரிக்கன் ஆற்காடு மிஷன் பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்தார். படிப்பில் கெட்டிக்காரர். பைபிளையும் நன்றாகப் படித்தார். இவ்வளவு அறிவுள்ள பையன் நம் மதத்துக்கு வந்துவிட்டால் நல்லது என்று பள்ளியில் இருந்தவர்கள் நினைத்தார்கள். மாறச் சொன்னார்கள். அவர் மறுத்தார். மறுத்ததும், அதுவரை தங்கிச் சாப்பிட்டுப் படித்ததற்கான செலவைக் கட்டச் சொன்னார்கள் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கூலி வேலை செய்யும் குடும்பம் அந்தப் பணத்துக்கு எங்கே போகும்? படிப்பு அங்கேயே நின்றது.

அந்தப் பையன் ஏசுவை வெறுக்கவில்லை. அவர் மறுத்தது வேறு ஒன்றை. சோற்றுக்கும் படிப்புக்கும் விலையாகத் தன் நம்பிக்கையைக் கொடுக்க முடியாது என்றுதான் அவர் நின்றார். நம்பிக்கை மனசில் தானாக வரவேண்டியது, விடுதிக் கணக்கில் வரவு வைக்கக்கூடியது அல்ல என்று அந்த வயதிலேயே அவருக்குப் பட்டிருக்கிறது.

தங்கவயலும் வியாசர்பாடியும்

படிப்பை விட்டவர் கோலார் தங்கவயலுக்குப் போனார். வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் அந்தச் சுரங்கங்களில் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி கூலியைக் காசாகக் கொடுத்தது. ஆண்டையின் களத்தில் நெல்லுக்குக் காத்துக் கிடந்தவர்கள், அங்கே கூலி வாங்கிப் பத்திரிகை படித்தார்கள், சங்கம் வைத்தார்கள். ஒரு லைனில் தேவாலயம் இருக்கும், அடுத்த லைனில் பஜனை மடம் இருக்கும். கொஞ்ச காலத்தில் அங்கே பௌத்த சங்கமும் வந்தது. கடவுளைப் பற்றியும் சாதியைப் பற்றியும் நம் மக்கள் பயமில்லாமல் வாதம் செய்த இடம் தங்கவயல்.

அங்கேதான் முனுசாமிக்கு ஆன்மிக நாட்டம் வளர்ந்தது. பிறகு சென்னைக்கு வந்து, வியாசர்பாடியில் இருந்த கரபாத்திர சுவாமிகளிடம் சேர்ந்தார். கையையே பாத்திரமாக ஏந்தி உண்ணும் துறவி என்பதால் அவருக்கு அந்தப் பெயர். அவரிடம் தமிழும் வேதாந்தமும் கற்றார். குருதான் சகஜானந்தர் என்று பெயர் வைத்தார். நூல்களைத் தொடவே கூடாது என்று தள்ளி வைக்கப்பட்ட குடியில் பிறந்தவர், அந்த நூல்களைப் படித்து விளக்கம் சொல்லும் துறவி ஆனார்.

யோசித்துப் பார்த்தால், மனிதர்கள் ஒரு நம்பிக்கையை ஏற்பதும் இப்படித்தான். வாதத்தில் தோற்று மதம் மாறியவர்கள் குறைவு. மனிதனாக மதித்து ஒருவர் பக்கத்தில் உட்காரவைத்தால் அங்கே மனசு ஒட்டிக்கொள்கிறது. திண்டிவனத்தில் அவருக்குச் சோறு கிடைத்தது. வியாசர்பாடியில் ஒரு குரு கிடைத்தார்.

ஓமக்குளத்தில் ஒரு பள்ளிக்கூடம்

1910இல், இருபது வயதில், சகஜானந்தர் சிதம்பரம் வந்தார். அந்த ஊரை அவர் தேர்ந்தெடுத்ததை நாம் கவனிக்க வேண்டும். ஆதனூரில் பிறந்த நந்தனார், நடராசரைப் பார்க்க வேண்டும் என்று ஏங்கி, நாளைக்குப் போவேன் நாளைக்குப் போவேன் என்று சொல்லிச் சொல்லித் திருநாளைப்போவார் என்றே பெயர் பெற்ற கதை நம் எல்லோருக்கும் தெரியும். தில்லை வரை வந்தும் எல்லையிலேயே சுற்றி வந்தார். கடைசியில் தீயில் இறங்கினார். தீ அவர் பிறவியை எரித்தது, முனிவராகப் பூணூலோடு எழுந்தார், பிறகுதான் கோவிலுக்குள் போனார் என்று பெரிய புராணம் சொல்கிறது. பக்தி எவ்வளவு இருந்தாலும், பிறந்த உடம்போடு உள்ளே விடமாட்டோம் என்பதுதான் அந்தக் கதைக்குள் இருக்கும் சட்டம்.

நந்தனார் தீயில் இறங்கிய இடம் என்று மக்கள் நம்பும் ஓமக்குளத்தில்தான் சகஜானந்தர் நந்தனார் பெயரில் மடம் அமைத்தார். மடம் என்றால் பூசையும் பஜனையும் என்று நின்றுவிடவில்லை. நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். 1916இல் 25 பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் ஆரம்பமானது. தென்னாற்காட்டுச் சேரிகளிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்து தங்கவைத்துப் படிக்கவைத்தார். நடவுக்கும் மாடு மேய்க்கவும் போகவேண்டிய பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்று பெற்றோரிடம் கேட்பது, அனுப்பினால் ஆண்டை என்ன சொல்வாரோ என்ற அவர்கள் பயத்தைப் போக்குவது, பிள்ளைகளுக்கு அன்றாடச் சாப்பாட்டுக்கு நன்கொடை திரட்டுவது என்று ஒரு துறவிக்குக் குடும்பஸ்தனைவிட அதிகக் கவலை இருந்தது. விடுதி வந்தது. பெண் பிள்ளைகளும் படித்தார்கள். ஆரம்பப் பள்ளி வளர்ந்து உயர்நிலைப் பள்ளி ஆனது. இன்று அது அரசு நந்தனார் பள்ளியாக நடக்கிறது.

நந்தனாரை எரித்த இடத்தில் பள்ளிக்கூடம் வைத்ததுதான் சகஜானந்தர் சொன்ன பதில் என்று நாம் புரிந்துகொள்கிறோம். உள்ளே வர யாரும் தீயில் இறங்க வேண்டாம், பிறந்த உடம்போடு பிறந்த பெயரோடு வரலாம் என்ற கதவை அவர் திறந்துவைத்தார்.

1926இல் அவர் சென்னை மாகாணச் சட்டசபை உறுப்பினரானார். இடையில் சில ஆண்டுகள் தவிர, கடைசி வரை சட்டமன்றப் பொறுப்பில் இருந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு 1952லும் 1957லும் நடந்த தேர்தல்களில் காங்கிரஸ் சார்பில் சிதம்பரம் தொகுதியில் ஜெயித்தார். கோவில் நுழைவுச் சட்டம் 1947இல் வந்தது. நந்தனார் எல்லையில் நின்று ஏங்கிய கோவிலுக்குள் அவர் வழிவந்தவர்கள் சட்டப்படி நுழைந்ததைப் பார்க்கும் வாய்ப்பு சகஜானந்தருக்குக் கிடைத்தது. 1959 மே 1 அன்று அவர் காலமானார்.

போனவர்கள் கேட்டதும் அதுவே

சகஜானந்தர் நின்றார் என்பதால், போனவர்கள் தவறு செய்தார்கள் என்று ஆகிவிடாது. அவருக்கு ஒரு தலைமுறைக்கு முன்னே அயோத்திதாசப் பண்டிதர் வேறு வழியில் நடந்தார். அவரும் முதலில் அத்வைதத்தில் ஈடுபட்டு நீலகிரியில் சபை நடத்தியவர். ஜான் ரத்தினம் என்ற கிறித்தவப் பாதிரியாரோடு சேர்ந்து 1885இல் திராவிட பாண்டியன் பத்திரிகை நடத்தினார். 1892இல் சென்னையில் நடந்த மகாஜன சபைக் கூட்டத்தில் நம் மக்களுக்குக் கோவில் நுழைவு கேட்டார். அங்கே அவமானமான பதில்தான் கிடைத்தது. 1898இல் இலங்கைக்குப் போய் பௌத்த தீட்சை பெற்று வந்தார். நாம் இந்த மண்ணின் பழைய பௌத்தர்கள், அதனால்தான் தாழ்த்தப்பட்டோம் என்பது அவர் வாதம். அவர் பார்வையில் நந்தன் அடியார் அல்ல, சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்ட பௌத்த அரசன்.

அதே அயோத்திதாசரின் உறவினரான இரட்டைமலை சீனிவாசன் மதம் மாறவில்லை. நாம் அந்தச் சாதி அடுக்குக்கு வெளியே இருப்பவர்கள், உள்ளே இல்லாதவன் வெளியேறுவது எப்படி என்பது அவர் நிலை. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவியபோது, சகஜானந்தர் இங்கே சட்டமன்ற உறுப்பினராக இருந்தார், காவி உடையில்தான் இருந்தார்.

ஆளுக்கொரு வழிதான். ஆனால் இவர்கள் எல்லோருமே பள்ளிக்கூடத்துக்காகவும் மரியாதைக்காகவும்தான் பாடுபட்டார்கள். சொர்க்கம் எந்தப் பக்கம் என்பதைவிட, இந்தப் பூமியில் தலைநிமிர்ந்து நடப்பது எப்படி என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

சகஜானந்தர் மீது விமர்சனமும் உண்டு. தீக்குளித்த நந்தனாரைப் போற்றிக்கொண்டே சாதியை எப்படி ஒழிப்பது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை நாம் ஒதுக்க முடியாது. சட்டம் வந்து இத்தனை ஆண்டு கழித்தும் பல ஊர்களில் தேர் நம் தெருவுக்குள் வருவதில்லை. மதம் மாறினாலும் சாதி விடுவதில்லை என்பதும் உண்மை. நமக்கு மேற்கே உள்ள எறையூரில், ஒரே ஏசுவைக் கும்பிடும் இரு சாதியாருக்குள் கோவில் உரிமைக்காக 2008இல் நடந்த மோதல் துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது. பல ஊர்களில் கல்லறை இன்றும் இரண்டாகத்தான் இருக்கிறது.

இன்றைய விடுதிக் கணக்கு

திண்டிவனத்தில் முனுசாமிக்கு நடந்தது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 1950இல் போடப்பட்ட குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில் வரமாட்டார். 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துத் திருத்தினார்கள். கிறித்தவத்துக்கோ இஸ்லாத்துக்கோ போன நம்மவர்கள் இன்றும் வெளியேதான். அதே தெரு, அதே குடிசை, அதே இழிவு. ஆனால் சான்றிதழ் மட்டும் வேறு. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடக் கிறித்தவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றுதான் கிடைக்கிறது. இவர்களையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. முடிவு மத்திய அரசின் கையில் இருக்கிறது.

இதனால் எத்தனை பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயரோடும், தாலுகா ஆபீசில் இன்னொரு பெயரோடும் வாழ்கிறார்கள் என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர்களைப் பொய்யர்கள் என்று பேசுகிறார்கள். பொய் சொல்லவைத்தது எது என்று பேசுவதில்லை. அன்று மிஷன் பள்ளி, நம்பிக்கையை மாற்றிக்கொண்டால் படிப்பு என்றது. இன்று அரசாங்கம், நம்பிக்கையை மாற்றிக்கொள்ளாவிட்டால்தான் படிப்புச் சலுகை என்கிறது. நம் பிள்ளையின் மனசுக்கு விலை வைப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அண்ணாகிராமத்திலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் மார்கழி தரிசனத்துக்குச் சிதம்பரம் போகிறவர்கள், அப்படியே ஓமக்குளத்துக்கும் போய் வரவேண்டும். கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் சகஜானந்தரின் வாழ்க்கையைத் தேடிப் படிக்க வேண்டும். உங்கள் தெருவில் ஒருவர் சர்ச்சுக்குப் போகலாம், ஒருவர் புத்தர் படம் மாட்டலாம், ஒருவர் ஐயப்பனுக்கு மாலை போடலாம், ஒருவர் சாமியே இல்லை என்கலாம். அது அவரவர் விருப்பம். அதற்காக ஒரு பிள்ளையின் படிப்போ, உரிமையோ, வேலையோ பறிபோகக் கூடாது. முனுசாமி என்ற ஏழை மாணவன் திண்டிவனத்து விடுதியை விட்டு வெளியே நடந்தது இதற்காகத்தான். இந்த உரிமையை மாறியவர்களுக்கும் சேர்த்துக் கேட்க வேண்டியது மாறாமல் இருக்கிற நம் கடமை.