கணக்கு இலாகாவை விட்டு வந்த ராமன்



சர் சி.வி. ராமன் என்றதும் உங்களுக்கு நோபல் பரிசும் தலைப்பாகையும் நினைவுக்கு வரும். அவர் பத்து வருடங்கள் அரசாங்கக் கணக்கு இலாகாவில் அதிகாரியாக இருந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. வங்கியில் பேரேடும் வவுச்சருமாகக் காலம் தள்ளிய எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த பகுதி அதுதான். பிடித்த வேலையா, நிலையான சம்பளமா என்ற கேள்வி இன்று நம் வளாகத்தில் பல வீடுகளில் இருக்கிறது. அதனால் இந்த இதழுக்கு அவர் கதையை எழுதலாம் என்று தோன்றியது.

ராமன் 1888 நவம்பர் 7 அன்று திருச்சியில் பிறந்தார். அப்பா சந்திரசேகர ஐயர் கல்லூரி ஆசிரியர். வேலை நிமித்தம் குடும்பம் விசாகப்பட்டினம் போனது. ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. படித்து, 1904-ல் இயற்பியலில் தங்கப் பதக்கத்துடன் தேறினார். 1906-ல், இன்னும் மாணவராக இருக்கும்போதே, அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளியாகிவிட்டது.

இப்படிப்பட்ட பையன் ஏன் விஞ்ஞானத்தில் தொடரவில்லை என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் இந்தியாவில் விஞ்ஞானம் படித்தவருக்கு வேலை என்று பெரிதாக எதுவும் கிடையாது. இங்கிலாந்து போகலாம் என்றால், அந்தக் குளிரை அவருடைய உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது அரசாங்க நிதி இலாகாத் தேர்வு. எழுதினார், முதலிடம் பெற்றார். 1907-ல் லோகசுந்தரி அம்மாளைத் திருமணம் செய்துகொண்டு, கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 18.

நல்ல சம்பளம், மரியாதை, பென்ஷன். எந்தத் தகப்பனாரும் இனிக் கவலை இல்லை என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார். ஆனால் பையன் உட்காரவில்லை. டிராமில் போகும்போது பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ப்புச் சங்கம் அது. ஆய்வுக்கூடம் இருந்தது, ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் இல்லை. ராமன் உள்ளே போய்க் கேட்டார், இடம் கிடைத்தது.

அதற்குப் பிறகு அவருடைய தினசரி அட்டவணையைப் பாருங்கள். விடியற்காலை ஐந்தரைக்குச் சங்கத்து ஆய்வுக்கூடம். பத்து மணிக்குச் சற்று முன் வீட்டுக்கு வந்து குளித்து, அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு ஆபீஸ். மாலை ஐந்து மணிக்கு ஆபீஸிலிருந்து நேராக மறுபடியும் ஆய்வுக்கூடம். வீடு திரும்ப இரவு ஒன்பதரை, பத்து ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் அங்கேயே. இந்தச் சுமையில் பாதியைத் தாங்கியவர் லோகசுந்தரி அம்மாள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

இடையில் டிரான்ஸ்ஃபர் வேறு. 1909-ல் ரங்கூன், அடுத்து நாக்பூர், 1911-ல் மறுபடி கல்கத்தா. திரும்பி வந்ததும் சங்கத்துக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டார். இசைக்கருவிகள் எப்படி ஒலிக்கின்றன என்பது பற்றிய அவருடைய ஆராய்ச்சி இப்படி ஆபீஸ் நேரம் போக மீந்த நேரத்தில் வளர்ந்ததுதான். ஆபீஸ் வேலையிலும் அவர் குறை வைக்கவில்லை. நல்ல அதிகாரி என்று மேலிடத்தில் பெயர் வாங்கியிருந்தார்.

கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜி இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். தாரக்நாத் பாலித் என்ற வக்கீல் கொடுத்த நன்கொடையில் அமைந்த இயற்பியல் பேராசிரியர் பதவிக்கு ராமனை அழைத்தார். அந்தப் பதவிக்கு வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. அதற்காகப் போக மாட்டேன் என்று ராமன் மறுத்துவிட, முகர்ஜி நிபந்தனையைத் தளர்த்தினார். 1917-ல் ராமன் அரசாங்க வேலையை ராஜினாமா செய்தார். புதிய சம்பளம் பழையதில் ஏறக்குறையப் பாதி.

இங்கேதான் உங்களைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். துணிந்து வேலையை உதறினார் என்று இந்தக் கதையை ஒரு வரியில் சொல்லிவிடுவது வழக்கம். கணக்குப் பார்க்கும் கண்ணுக்கு வேறு சில விஷயங்களும் தெரிகின்றன. அவர் ஒரே நாளில் குதிக்கவில்லை. பத்து வருடம் இரண்டு குதிரைகளையும் ஓட்டி, தன்னால் முடியும் என்று கட்டுரைகளாக நிரூபித்த பிறகு போனார். போன இடத்திலும் மாதச் சம்பளம் உண்டு, தொகைதான் குறைவு. அப்போது அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. மூத்த மகன் பிறந்தது 1921-ல். விட்டுக்கொடுத்தது எவ்வளவு, கையில் மிஞ்சுவது எவ்வளவு என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டார்.

பிறகு நடந்தது உலகறிந்தது. 1921-ல் கப்பல் பயணத்தில் பார்த்த கடலின் நீலம் அவரை யோசிக்க வைத்தது. 1928 பிப்ரவரி 28 அன்று, கே.எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து செய்த ஆராய்ச்சியில், ராமன் விளைவு உறுதியானது. 1930-ல் நோபல் பரிசு. அறிவியலில் அதைப் பெற்ற முதல் ஆசியர் அவர். பிறகு பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம், தன் பெயரில் ஓர் ஆய்வு நிறுவனம், 1954-ல் பாரத ரத்னா. 1970 நவம்பர் 21 அன்று காலமானார்.

இன்னொருவரையும் சொல்லாமல் முடிக்க மனமில்லை. ராமனின் அண்ணன் சுப்பிரமணிய ஐயரும் இதே கணக்குத் துறைக்காரர்தான். அவர் வேலையை விடவில்லை. ரயில்வே தணிக்கை அதிகாரியாகவே இருந்துகொண்டு கர்நாடக இசையிலும் ஆழ்ந்தார், அது பற்றி எழுதினார். மகனும் அரசாங்க உத்தியோகத்துக்கே போக வேண்டும் என்பது அவர் விருப்பம். தாயார் சீதாலட்சுமி மகன் பக்கம் நின்றார். அந்த மகன்தான் 1983-ல் இயற்பியல் நோபல் பெற்ற எஸ். சந்திரசேகர். அண்ணன் வாங்கிய நிலையான சம்பளத்தில்தான் அந்தப் பிள்ளை வளர்ந்தது. அதையும் நாம் நஷ்டக் கணக்கில் எழுதிவிட முடியாது.

உங்கள் வீட்டில் பிள்ளை வேலையை விடுகிறேன் என்று வந்து நின்றால், ராமனைக் காட்டி உடனே சரி என்றும் சொல்ல வேண்டாம், கடனைக் காட்டி வாயை அடைக்கவும் வேண்டாம். அந்தப் பிடித்த வேலைக்கு இப்போது தினமும் எத்தனை மணி நேரம் கொடுக்கிறாய் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால், பாதிச் சம்பளத்தில் எத்தனை மாதம் குடும்பம் ஓடும் என்று இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.