டிவி வருவதற்கு முன்பே ‘புரோமோ’! எஸ்.எஸ்.வாசன் அப்படி என்ன செய்தார்?

சொந்த சீரியலுக்கு சொந்த சேனலிலேயே புரோமோ ஓடுதே, இந்த வித்தை டிவியோட வந்தது இல்லைங்க.

1904-ல் பிறந்த வாசன், முதலில் விளம்பர ஏஜென்ட். 1928-ல் ஆனந்த விகடனை வாங்கினார். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் 200 ரூபாய் என்பார்கள். அதில் அவர் எழுதிய தொடர்கதைதான் 1936-ல் ‘சதி லீலாவதி’ படமானது. எம்.ஜி.ஆரின் முதல் படமும் அதுவே! பிறகு ஜெமினி ஸ்டூடியோவும் வர, பத்திரிகை, படம், மாதச் சம்பளத்தில் கலைஞர்கள் எல்லாம் ஒரே முதலாளி கையில்.

பெரிய சோதனை 1948-ல் வந்த ‘சந்திரலேகா’. செலவு சுமார் 30 லட்சம். தமிழில் நல்லா ஓடியும் போட்ட பணம் திரும்பலை. மனுஷன் அசரலை. காட்சிகளை மாற்றி, இந்தியில் அதே டிசம்பரில் வடக்கே பிரமாண்ட விளம்பரத்தோடு இறக்கினார். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது.

சென்னைக்கு டிவி வந்தது 1975-ல். வாசன் மறைந்து அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது.