கலாநிதி பி. ஈ. பி. தெரணியகல (1900 – 1976)

வரலாறு பாடத்திலே 'பலாங்கொடை மனிதன்' என்னும் பெயரை நீங்கள் படித்திருப்பீர்கள். அப்பெயரை ஆய்வுலகுக்குத் தந்தவர் கலாநிதி போலஸ் எட்வட் பீரிஸ் தெரணியகல ஆவார். மண்ணில் சிதறிக் கிடந்த எலும்புத் துண்டுகளைக் கொண்டு இலங்கையின் மறைந்துபோன விலங்குகளை இனங்கண்ட அறிஞர் இவர்.

வரலாற்றாசிரியர் சேர் போல் பீரிஸின் மைந்தராக 1900ஆம் ஆண்டு பிறந்த இவர், கேம்பிரிட்ஜ், ஹார்வார்ட் பல்கலைக்கழகங்களில் உயர்கல்வி கற்றார். 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலையின் பணிப்பாளராகக் கடமையாற்றினார். கண்டியில் தலதா மாளிகைக்கு அருகே, பழைய அரண்மனைக் கட்டடத்தில் அமைந்துள்ள தேசிய நூதனசாலை 1942இல் இவருடைய காலத்திலேயே திறக்கப்பட்டது.

கண்டி மலைகளைத் தோண்டினால் டைனோசர் எலும்புகள் கிடைக்குமா? கிடைக்கா. அம்மலைகள் டைனோசர்கள் தோன்றுவதற்கு முன்னரே கடும் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறிய பாறைகளால் ஆனவை. உயிர்ச்சுவடுகள் பெரும்பாலும் அடையற் பாறைகளிலும் ஆற்றுப் படிவுகளிலுமே காணப்படும். இலங்கையில் இத்தகைய படிவுகள் இரத்தினபுரிப் பகுதியில் உள்ளன. அங்கே இரத்தினக்கல் அகழும் குழிகளின் சரளைப் படையில் பிளைத்தோசீன் கால விலங்குகளின் எலும்புகளும் பற்களும் வெளிப்பட்டன. கல் தேடுவோருக்கு அவை பயனற்றவை. தெரணியகலவுக்கோ அவையே இரத்தினங்கள்.

ஆனால் அங்கே முழுமையான எலும்புக்கூடுகள் கிடைக்கவில்லை. நீரோட்டத்தால் உருண்டு உடைந்த துண்டுகளே கிடைத்தன. இத்தகைய ஆய்வில் முதலில் ஒவ்வொரு துண்டும் எவ்வுறுப்பைச் சேர்ந்தது எனத் தற்கால விலங்குகளின் எலும்புகளுடன் ஒப்பிட்டு அறிவர். பொருந்தும் விளிம்புகளை ஒட்டுவர். இல்லாத பகுதியைப் பரிசுச்சாந்தினால் நிரப்பினும், அதனை வேறுபடுத்திக் காட்டுவர். கற்பனை எது, சான்று எது என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். மிளிரியினால் மூடப்பட்ட பற்கள் எளிதில் அழியா. ஆதலால் அவையே சிறந்த சான்றுகளாகின்றன.

இவ்வாறு நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியன ஒரு காலத்தில் இத்தீவில் வாழ்ந்தன என்பதை இவர் எடுத்துக்காட்டினார். குருவிட்டவில் கிடைத்த இரண்டு பற்களைக் கொண்டே 1939இல் இலங்கைச் சிங்கத்துக்குப் பெயரிட்டார். இலண்டன் நூதனசாலையிலுள்ள சிங்கப் பற்களிலும் இது ஒடுங்கி நீண்டிருந்தது என்பதே அவர் காட்டிய காரணம். இரண்டு பற்கள் போதிய சான்றாகுமா என்ற வினா பின்னர் எழுந்தது. 2005இல் வெளியான ஆய்வொன்று புலியும் இங்கு வாழ்ந்ததாகக் கூறியது. துண்டுகள் பேணி வைக்கப்பட்டதாலேயே இவ்வாறு மீண்டும் ஆராய முடிகின்றது.

பெல்லன்பந்தி பலஸ்ஸவில் 1956இல் அகழ்வை மேற்கொண்டு மனித எலும்புக்கூடுகளையும் இவர் வெளிக்கொணர்ந்தார். 1958இல் இலங்கையின் பிளைத்தோசீன் காலம் பற்றிய நூலை வெளியிட்டார். இவருடைய மகன் சிரான் தெரணியகல தொல்லியலாளராக இப்பணியைத் தொடர்ந்தார்.

1976இல் தெரணியகல காலமானார். மாணவர்களே, சிறு துண்டையும் வீசிவிடாது காப்பதும், சான்று சொல்வதற்கு மேல் கூறாதிருப்பதும் விஞ்ஞான ஆய்வின் இரு கண்கள் என்பதை இவர் துறையிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.